நீட்டிய மெஷ்ஷில் விடை கோணலாக வந்தால்: மலைச்சரிவுக் கணிப்பில் பிழை பிடிக்கும் வழி

மலைச்சரிவு தாங்குமா என்று கணினியில் கணிக்க, அதைச் சிறு துண்டுகளாக (எலிமெண்டுகளாக) வெட்டிய வலைதான் மெஷ். அது உருவாகி முடிந்ததும் மென்பொருள் ஒரு தரப் பட்டியலைக் காட்டும். அதில் நீள அகல விகிதம் 50, 80 என்று சிவப்பில் தெரிந்தால் பலர் மறுயோசனை இல்லாமல் மெஷ்ஷைப் பொடிப்பொடியாக்கிவிடுகிறார்கள். கணினி இரவெல்லாம் ஓடுகிறது. காலையில் வருவது பெரும்பாலும் அதே கோணல் விடைதான். எலிமெண்ட் நீளமாக இருப்பது தனியே ஒரு குற்றமல்ல. அது எந்தத் திசையில் நீண்டிருக்கிறது, அதன் மிகப் பெரிய கோணம் எவ்வளவு, அது எந்த வகை எலிமெண்ட் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே அதன்மேல் பழி போடலாம்.

இலங்கை மலையகத்தில் சரிவுகளைக் கணிப்பவருக்கு நீட்டிய மெஷ்ஷை விட்டால் வழியில்லை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே 250 மீற்றர் நீளமும் 150 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு தேயிலை மலை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே காலங்காலமாகச் சரிந்து வந்து சேர்ந்த கலப்பு மண், கீழே உக்கிய நைஸ் பாறை, இரண்டுக்கும் நடுவே 20 சென்ரிமீற்றர் தடிப்பில் வழுக்கும் களிப்படை. அந்தப் படையை 20 சென்ரிமீற்றர் கனசதுரங்களால் நிரப்பினால் ஒரே அடுக்குக்கு 937,500 எலிமெண்டுகள் வேண்டும். யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை. செய்யத் தேவையும் இல்லை. தேயிலை நிரையும் கானும் சமவுயரக் கோட்டோடு நீளமாக ஓடி, இறக்கத்தின் திசையில் மட்டும் நெருங்கி நிற்பதைப்போல, மெஷ்ஷும் விடை மெதுவாக மாறும் திசையில் நீண்டும் வேகமாக மாறும் திசையில் நெருங்கியும் இருக்கலாம்.

இதற்குக் கணிதப் பின்புலமும் உண்டு. முக்கோணத்தின் சிறிய கோணம் மிகச் சிறிதாகிவிடக் கூடாது என்ற நிபந்தனையை 1968இல் கணிதவியலாளர் ஸ்லாமல் வைத்தார். விடை உண்மையை நெருங்க அது போதுமான நிபந்தனைதான், ஆனால் கட்டாயமானது அல்ல. 1957இலேயே சிங் காட்டியதையும் 1976இல் பாபுஷ்காவும் அசீஸும் நிறுவியதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் கவனிக்க வேண்டியது பெரிய கோணத்தைத்தான். அது 180 பாகையை நெருங்காத வரை ஊசிபோன்ற முக்கோணமும் தன் வேலையைச் சரியாகச் செய்யும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தரப் பட்டியல்கள் சிறிய கோணத்தையே பயமுறுத்தக் காட்டுவது எனக்கு எரிச்சலான விஷயம்.

எந்த அறிகுறிக்கும் முன்பு

மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது, அதே மெஷ்ஷை நேரடி சொல்வரில் ஓட்டிப் பாருங்கள் (சொல்வர் என்பது மெஷ் தரும் சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி; நேரடி சொல்வர் அவற்றை ஒரே தடவையில் தீர்க்கும்). விடை மாறினால் கோளாறு சொல்வரில் இருக்கிறது, மெஷ்ஷின் துல்லியத்தைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது, தடிப்பின் திசையில் மட்டும் எலிமெண்டுகளை இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அதைப் பழையபடி வைத்துவிட்டு, சரிவின் நீளத் திசையில் மட்டும் இரட்டிப்பாக்கி இன்னொருமுறை ஓட்டுங்கள். எந்த ஓட்டத்தில் விடை அசைகிறதோ அந்தத் திசைதான் பட்டினி கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் இது தெரியாமலே போய்விடும். மூன்றாவது முக்கோண மெஷ்ஷுக்கு மட்டும்: மூலைவிட்டங்களை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு கணுவும் (எலிமெண்டுகளை இணைக்கும் புள்ளியும்) கூடவில்லை, குறையவில்லை, ஆனாலும் விடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறுகிறது என்றால் மெஷ்தான் விடையை எழுதிக்கொண்டிருக்கிறது.

சிவப்பு எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் மூன்று சோதனையிலும் விடை அசையவில்லை

விட்டுவிடுங்கள். அடுத்த வேலையைப் பாருங்கள்.

பாதுகாப்புக் காரணி மெஷ்ஷுக்கு மெஷ் மாறுகிறது, அல்லது எதிர்பார்த்ததைவிட உயர்ந்து நிற்கிறது

இதில்தான் நின்று நிதானிக்க வேண்டும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மலையகத்தில் ஒரு சரிவுக்குப் பாதுகாப்புக் காரணி (மண்ணின் வலிமை, சரிவு நிற்கத் தேவையான வலிமையைப்போல எத்தனை மடங்கு என்ற எண்) 1.3 என்று எழுதுகிறவர் அந்தத் தசமத்துக்குப் பொறுப்பாளி.

வலிமைக் குறைப்பு முறையில் மண்ணின் ஒட்டுவிசையையும் உராய்வையும் படிப்படியாகக் குறைத்து, சரிவு எப்போது தாங்காமல் போகிறது என்று பார்க்கிறோம். சறுக்கல் பட்டை என்பது மெஷ்ஷில் ஓர் எலிமெண்ட் தடிப்புக்குக் குறைவாக உருவாக முடியாது. சரிவோடு இணையாக நீண்ட எலிமெண்டுகளில், பட்டையும் சரிவோடு இணையாக ஓடினால் அது குறுகிய பக்கத்தைக் கடக்கிறது. மெல்லியதாக உருவாகிறது, நல்லது. ஆனால் உச்சியில் வெடிப்பு விழும் இடத்திலும் அடியில் மண் பிதுங்கி வெளிவரும் இடத்திலும் பட்டை வளைந்து செங்குத்தாகச் செல்லப் பார்க்கும். அங்கே அது நீண்ட பக்கத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருக்கிறது. 20 சென்ரிமீற்றர் பட்டையாக இருக்க வேண்டியது 2 மீற்றர் அகலத்துக்குப் பரவிவிடும். அப்படிப் பரவினால் சறுக்குவதற்குக் கூடுதல் வேலை தேவைப்படும், காரணியும் உயரும். இன்னும் மோசம், மெஷ் மேலோட்டமான இணைச் சறுக்கலை மட்டும் காட்டிவிட்டு, ஆழமான வட்டச் சறுக்கலை மறைத்துவிடலாம். மெஷ் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சறுக்கலுக்குத்தான் வழிவிடுகிறது.

இதோடு எலிமெண்ட் வகையின் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். மூன்று கணு முக்கோணம் கனவளவு மாறாத பிளாஸ்டிக் பாய்ச்சலில், அதாவது மண் மீளாமல் உருமாறும்போது, இறுகிப்போகும். 1974இல் நாக்டெகால், பார்க்ஸ், ரைஸ் மூவரும் இதன் காரணத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். நீட்டிய மூன்று கணு முக்கோணங்களால் செய்த மெஷ்ஷில் இரண்டு பிழையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. அதாவது சரிவு உண்மையில் இருப்பதைவிடப் பத்திரமானதாகத் தெரிகிறது. பிழை இந்தப் பக்கம் சாய்வதுதான் ஆபத்து.

சரி, செய்ய வேண்டியது என்ன? சரிவின் நடுப்பகுதியில் நீட்டிய எலிமெண்டுகளை அப்படியே வைத்திருங்கள். உச்சியிலும் அடியிலும், சரிவின் உயரத்தில் கால்பங்கு அளவுள்ள பகுதிக்கு, எல்லாத் திசையிலும் ஒத்த அளவுள்ள ஒழுங்கற்ற மெஷ்ஷைப் போடுங்கள். எலிமெண்டாக எட்டுக் கணு நாற்கோணத்தைக் குறைத்த தொகையீட்டோடு (எலிமெண்டுக்குள் குறைந்த புள்ளிகளில் மட்டும் கணக்கிட்டு) எடுங்கள். கிரிஃபித்ஸும் லேனும் 1999இல் சரிவுக் கணிப்புக்குப் பயன்படுத்தியது அதைத்தான். பிளாக்சிஸ் போன்ற மென்பொருளில் வேலை செய்தால் பதினைந்து கணு முக்கோணம். அப்புறம், மண்ணைத் துண்டுகளாக வெட்டிச் சமநிலை பார்க்கும் பழைய முறைகளில், வட்டச் சறுக்கலுக்குப் பிஷப் முறையிலும் வட்டமல்லாத சறுக்கலுக்கு மோர்கன்ஸ்டேர்ன்-பிரைஸ் முறையிலும் தனியாக ஒரு கணக்குப் போட்டு அருகில் வைத்துப் பாருங்கள். எலிமெண்ட் கணக்கு அதைவிடக் கணிசமாக உயரத்தில் நின்றால் மெஷ் சந்தேகத்துக்குரியது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. காரணி திடீரென்று நம்ப முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். இந்த முறையில் கணக்கு ஒருங்காமல் (திரும்பத் திரும்பச் சுற்றியும் விடை ஒன்றில் நிலைக்காமல்) போவதையே சரிவு விழுந்ததாக எடுத்துக்கொள்கிறோம். கிரிஃபித்ஸ், லேன் இருவரும் 1000 மீள்சுற்றுகளை எல்லையாக வைத்தார்கள். ஆனால் நீட்டிய மெஷ்ஷும் பலவீனமான சொல்வரும் சேர்ந்தால், மண் உறுதியாக நிற்கும்போதே கணக்கு ஒருங்காமல் போகலாம். குறைப்புக் காரணியைக் கிடையாகவும் உச்சிக் கணுவின் இடப்பெயர்ச்சியை நிலையாகவும் வைத்து ஒரு வரைபடம் போடுங்கள். உண்மையான சரிவென்றால் கோடு வளைந்து மேலேறும். கோடு தட்டையாகவே வந்து சட்டென்று அறுந்துபோனால் விழுந்தது கணக்கு, மலை அல்ல.

மண் உச்ச வலிமையைத் தாண்டியதும் மென்மையாகும் மாதிரியைப் பயன்படுத்தினால் மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் விடை நிலைக்காது. அது நீள அகல விகிதத்தால் வருவதல்ல. அதற்கு மாதிரிக்குள்ளேயே ஒரு நீள அளவைப் புகுத்த வேண்டும்.

மழை தொடங்கியதும் துளைநீர் அழுத்தம் எல்லையைத் தாண்டிப்போகிறது, அல்லது அடுக்குக்கு அடுக்கு மேலும் கீழுமாக ஆடுகிறது

முதலில் மெஷ்ஷைத் தொடாமல் எல்லை நிபந்தனையைப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 75 மில்லிமீற்றர் மழை என்பது வினாடிக்கு ஏறத்தாழ 2.1×10⁻⁵ மீற்றர். மேல்மண்ணின் ஊடுருவுதிறன் அதைவிடக் குறைவாக இருந்து, நீங்கள் முழு மழையையும் உள்ளே தள்ளினால், தரை மட்டத்திலேயே அழுத்தம் அர்த்தமில்லாமல் ஏறும். நிரம்பியதும் எல்லை தானாக மாறி, மிச்ச நீர் மேலால் ஓடிவிட வேண்டும். மென்பொருளில் அந்தத் தெரிவு இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்.

ஆட்டம் முதல் சில நேரப்படிகளில் மட்டும் வந்து பின்னால் அடங்கிப்போகிறதா? அப்படியானால் நேரப்படி மிகச் சிறிது, அல்லது எலிமெண்ட் மிகத் தடிப்பு. நேரியல் எலிமெண்டில், முழுப் பின்னோக்கு முறையில், நேரப்படி h²/6D என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்று 1981இல் வெர்மீரும் வெருய்ட்டும் காட்டினார்கள். இங்கே h என்பது நீர் இறங்கும் திசையில் எலிமெண்டின் தடிப்பு, D என்பது பரவல் குணகம். D = 10⁻⁵ சதுர மீற்றர்/வினாடி, தடிப்பு அரை மீற்றர் என்றால் நேரப்படி ஏறத்தாழ 70 நிமிடங்களுக்குக் குறையக் கூடாது! பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் மழைத் தரவை அதில் ஊட்டினால் ஆட்டம் வரத்தான் செய்யும். பத்து நிமிடப் படி வேண்டுமென்றால் மேற்பரப்பு எலிமெண்டின் தடிப்பு 19 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் சரிவின் வழி நீளம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே மேல் ஒரு மீற்றரை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, நீளத்தை அப்படியே விட்டுவிடலாம். நீள அகல விகிதம் கூடும், விடை நல்லதாகும்.

காய்ந்த மண்ணில் D சிறிது, அதனால் நனையும் முனை இன்னும் கூர்மையாக வரும். அங்கே மெல்லிய அடுக்கு மட்டும் போதாது. சேமிப்புத் தாயத்தை (கணுக்களின் நீர்ச் சேமிப்பைக் காட்டும் எண் அட்டவணையை) மூலைவிட்டத்தில் குவித்துவிடுங்கள். நீர்ச் சமநிலையைக் காக்கும் கலப்பு வடிவச் சமன்பாட்டை எடுங்கள். சேலியாவும் கூட்டாளிகளும் 1990இல் பரிந்துரைத்தது இந்த இரண்டையும்தான்.

ஆட்டம் அடங்காமல் நிலைத்த நிலையிலும் தொடர்கிறதென்றால் விஷயம் வேறு. வெளியில் எங்கும் இல்லாத உயர்ந்த ஹெட் (நீர் எழக்கூடிய மட்டம்) நடுவில் தெரிகிறது, அல்லது எல்லையில் இருப்பதைவிடக் குறைந்த ஹெட் தெரிகிறது. முக்கோண மெஷ்ஷில் ஒரு விளிம்பை எடுத்து, அதன் இரு பக்கத்திலும் அதற்கு எதிரே இருக்கும் இரண்டு கோணங்களைக் கூட்டுங்கள். 180 பாகையைத் தாண்டினால் அந்த விளிம்பு விறைப்புத் தாயத்தில் தவறான குறியோடு நிற்கும். சிறிய கோணங்களை முடிந்தவரை பெரிதாக்கி முக்கோணமிடும் டெலோனே மெஷ் இதைத் தவிர்த்துவிடும். ஆனால் ஊடுருவுதிறன் எல்லாத் திசையிலும் சமமாக இருந்தால் மட்டுமே.

செவ்வகங்களில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. நான்கு கணுச் செவ்வகம், சமத் திசை ஊடுருவுதிறன், நீள அகல விகிதம் 1.41ஐத் தாண்டினாலே தவறான குறி வராது என்ற பாதுகாப்புப் போய்விடும். அதே செவ்வகத்தை மூலைவிட்டத்தால் இரண்டு செங்கோண முக்கோணமாக வெட்டினால் விகிதம் ஆயிரமானாலும் பாதுகாப்பு நிலைக்கும். நல்ல எலிமெண்ட் என்று பெயரெடுத்த செவ்வகம் இங்கே தோற்று, ஏளனமாகப் பார்க்கப்படும் முக்கோணம் ஜெயிப்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் நம் பாறையில் நைஸ் பட்டைகளின் வழியே நீர் எளிதாகவும், குறுக்கே அரிதாகவும் போகும். பட்டை வழி ஊடுருவுதிறன் குறுக்குத் திசையைவிட 50 மடங்கு என்றால், அந்தப் பட்டையோடு இணைந்து கிடக்கும் செவ்வகத்துக்கு அனுமதி விகிதம் 50இன் இரண்டுமடங்கான 100இன் வர்க்கமூலம், அதாவது 10. மண்ணே நீட்டியிருக்கும்போது மெஷ்ஷும் நீளலாம். சமத் திசைத் தரத்தில் அழகாக இருக்கும் சதுர மெஷ், பட்டை 30 பாகை சாய்ந்திருக்கும் பாறையில் மோசமான விடை தருவதும் இதே காரணத்தால்தான். மெஷ்ஷைப் பட்டையோடு சாய்த்து வையுங்கள்.

இடப்பெயர்ச்சி ஒழுங்காக இருக்கிறது, தகைப்பும் நீரோட்ட வேகமும் திட்டுத்திட்டாக வருகின்றன

தட்டையான விரிகோண முக்கோணங்களைத் தேடுங்கள். நேரியல் முக்கோணத்தில் படித்திறனின் (விடை இடத்துக்கு இடம் மாறும் வீதத்தின்) பிழை அதன் சுற்றுவட்ட ஆரையோடு கூடுகிறது. நீண்ட பக்கம் 10 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். செங்கோண முக்கோணமாக இருந்தால், மற்றப் பக்கம் 10 சென்ரிமீற்றர் என்றாலும் ஆரை 5 மீற்றர்தான். பெரிய கோணம் 170 பாகை என்றால் 28.8 மீற்றர். 179 பாகை என்றால் 286 மீற்றர். உருவம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே மெலிந்திருந்தாலும் ஒன்று நல்ல பிள்ளை, மற்றது வம்புக்காரன்.

முப்பரிமாண மாதிரிக்கு நிலப்படத்தின் சமவுயரக் கோடுகளிலிருந்து மேற்பரப்பை எடுக்கும்போது இந்த வம்புக்காரன்கள் கூட்டமாக வருவார்கள். கோட்டின் வழியே இரண்டு மீற்றருக்கு ஒரு புள்ளி, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே வெறுமை. ஹட்டன் பக்கத்துச் செங்குத்துச் சரிவில் கோடுகள் நெருங்கி நிற்பதால் அவ்வளவாகத் தெரியாது. நுவரெலியாவின் மேட்டுச் சமவெளிபோன்ற இடத்தில் கோடுகள் அகன்று நிற்கும், ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் சேர்ந்து தட்டை முக்கோணமாகிவிடும். சரிவு பூச்சியம் என்று கணினி சொல்லும் அந்த முக்கோணங்களில் நீர் தேங்குவதுபோல விடை வரும்.

புள்ளிகளை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்வார்ஸ் ஓர் உருளையின் மேற்பரப்பை முக்கோணங்களால் மூடிக் காட்டினார். எல்லாப் புள்ளியும் உருளையின் மேலேயே கிடக்கிறது, முக்கோணங்கள் சிறிதாகிக்கொண்டே போகின்றன, ஆனாலும் குறுக்கு வளையங்களை வேகமாகக் கூட்டினால் பரப்பளவு உருளையின் பரப்பளவுக்கு வருவதே இல்லை, எல்லையில்லாமல் பெருகவும் செய்கிறது. முக்கோணங்கள் தட்டையாகி, உருளையின் சுவரைப் பார்க்காமல் அதன் அச்சுத் திசையைப் பார்த்து நிற்பதுதான் காரணம். நம் சமவுயரக் கோட்டு முக்கோணமும் அதே சாதி.

கோட்டின் வழியே புள்ளிகளைக் குறையுங்கள். முகடுகளையும் ஓடைகளையும் முறிவுக் கோடுகளாகத் தனியே கொடுங்கள். முடிந்தால் கோட்டிலிருந்து ஒரு சீரான கட்டத்துக்கு உயரத்தை இடைக்கணித்து, அந்தக் கட்டத்திலிருந்தே மெஷ்ஷை எடுங்கள். டெலோனே தன்னால் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். அது சிறிய கோணத்தைப் பெரிதாக்கும். ஆனால் பெரிய கோணத்தைச் சிறிதாக்கும் என்ற உறுதியைத் தராது.

பெரிய கோண நிபந்தனையும் கட்டாயமல்ல, அதை மீறும் முக்கோணங்கள் இருந்தும் ஒருங்கும் மெஷ்கள் உண்டு என்று 2012இல் ஹன்னுகைனென், கோரோடொவ், கிரிஷெக் மூவரும் காட்டிவிட்டார்கள். உண்மைதான். நல்ல மெஷ்ஷுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு தட்டை முக்கோணங்கள் மொத்த விடையைக் கெடுக்காது. ஆனால் அந்த முக்கோணத்துக்குள் காட்டும் தகைப்பை எடுத்து அறிக்கையில் எழுதாதீர்கள்.

ஷாட்கிரீட் முகப்பு வளையவே மாட்டேன் என்கிறது

மண்ணாணி (மண்ணைப் பிடித்து நிறுத்தும் நீண்ட உருக்குக் கம்பி) அடித்து 15 சென்ரிமீற்றர் ஷாட்கிரீட் (விசிறிப் பூசும் கொன்கிரீட்) பூசிய வீதி வெட்டுமுகத்தை, தடிப்பில் ஒரே ஒரு நான்கு கணு எலிமெண்டாக வைத்திருப்பீர்கள். ஆணி இடைவெளி 1.5 மீற்றர் என்பதால் எலிமெண்ட் நீளமும் 1.5 மீற்றர். தூய வளைவில், முழுத் தொகையீட்டில், இந்த எலிமெண்டின் விறைப்பு உண்மையைவிட எத்தனை மடங்கு என்று கையாலேயே கணக்கிடலாம். புவாசோன் விகிதம் 0.2க்கு, விகிதம் 1 என்றால் 1.46 மடங்கு, 5 என்றால் 11.5 மடங்கு, 10 என்றால் 42.7 மடங்கு. உங்கள் முகப்பு 43 மடங்கு முரட்டுத்தனமாக நிற்கிறது. அதனால் ஆணிகளுக்குப் போக வேண்டிய விசை முகப்பில் தங்கிவிடுகிறது.

இங்கே நீள அகல விகிதம் உண்மையிலேயே குற்றவாளி, ஏனென்றால் நான்கு கணு எலிமெண்டுக்கு வளையத் தெரியாது, வளைவதற்குப் பதில் வெட்டுத் திரிபு அடையும். தகடு எலிமெண்டாக மாற்றிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. திண்ம எலிமெண்டேதான் வேண்டுமென்றால் எட்டுக் கணுவோடு குறைத்த தொகையீடு, அல்லது பொருந்தா வடிவங்கள் சேர்த்த நான்கு கணு. பிந்தியதை 1973இல் வில்சன் குழு கொண்டுவந்தது, செவ்வகமல்லாத வடிவத்திலும் ஒத்துப்போகும்படி 1976இல் திருத்தினார்கள். நான்கு கணுவை ஒற்றைப் புள்ளித் தொகையீட்டில் ஓட்டுவது மலிவான குறுக்குவழி. தடிப்பில் ஒரே எலிமெண்ட் இருக்கும்போது மணற்கடிகார வடிவில் நெளிந்துபோகும், வேண்டாம்.

87 மீற்றர் உயரமுள்ள கொத்மலை அணைபோன்ற, பாறைக் குவியலின் நீர்ப்பக்கத்தில் கொன்கிரீட் முகப்பு போர்த்திய அணைகளுக்கும் இதே எச்சரிக்கைதான், அளவு மட்டும் பெரிது.

எட்டுக் கணு போட்டும் மெஷ்ஷை நுணுக்கியும் துல்லியம் ஏறவில்லை

சரிவுக் குறுக்குவெட்டில் மேல்கோடு சாய்வு, அடிக்கோடு கிடை, பக்கங்கள் செங்குத்து. அதை அடுக்கடுக்காக வெட்டினால் எல்லாம் சரிவகமாக வரும். அர்னால்டு, போஃபி, ஃபால்க் 2002இல் காட்டியபடி எட்டுக் கணு எலிமெண்ட் பொதுவான நாற்கோணங்களில் ஒரு படி துல்லியத்தை இழக்கிறது. ஒன்பது கணு இழப்பதில்லை. இணைகரம் என்றால் எட்டுக் கணுவுக்கும் பிரச்சினை இல்லை, எவ்வளவு நீண்டிருந்தாலும், எவ்வளவு சாய்ந்திருந்தாலும். ஆகவே அடுக்குகளைத் தரைக்கு இணையாக ஓடவிட்டு, சரிவகங்களை ஆழத்தில், யாரும் கேட்காத பாறைக்குள் தள்ளிவிடுங்கள். இன்னொரு வழி, பருமனான மெஷ்ஷில் தொடங்கி ஒவ்வொரு எலிமெண்டையும் நடுவில் வெட்டி வெட்டி நுணுக்குவது. வெட்ட வெட்டத் துண்டுகள் இணைகரத்தை நெருங்கும், இழந்த படியும் திரும்பி வரும். ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் புதிதாக மெஷ் போட்டால் அந்த நன்மை கிடைக்காது.

நான்கு கணு எலிமெண்டில் சரிவகத்துக்குத் தப்ப வழியே இல்லை. மெக்நீல் நிறுவியபடி, ஒட்டுச் சோதனையில் (சீரான தகைப்பைச் சரியாகத் தருகிறதா என்ற சோதனையில்) தேறுகிற நான்கு கணு எலிமெண்ட் சரிவக வடிவில் வளையும்போது இறுகியே தீரும்.

சொல்வர் முடிவே இல்லாமல் சுற்றுகிறது, அல்லது முடித்தேன் என்று சொல்லிவிட்டுப் பொய் விடை தருகிறது

நீள அகல விகிதம் 100 என்றால் மெல்லிய திசையின் பிணைப்பு நீண்ட திசையைவிட பத்தாயிரம் மடங்கு வலுவானது. விடையைப் படிப்படியாகத் திருத்தும் சாதாரண இட்டரேட்டிவ் சொல்வர் வலுவான திசையை உடனே தீர்த்துவிட்டு, பலவீனமான பிணைப்பில் நகர்ந்து நகர்ந்து சாகும். இதன்மேல் பாறைக்கு 30 கிகாபாஸ்கல், மண்ணுக்கு 10 மெகாபாஸ்கல் என்று 3000 மடங்கு இடைவெளி. மிச்சப் பிழையின் கூட்டில் பாறையே ஆதிக்கம் செலுத்துவதால், மண் இன்னும் அரைகுறையாக இருக்கும்போதே சொல்வர் கையெழுத்துப் போட்டுவிடும்.

இருபரிமாணத்தில் நேரடி சொல்வர்தான், விவாதமே வேண்டாம். முப்பரிமாணத்தில் கணுக்களை மெல்லிய திசையில் தொடர்ச்சியாக எண்ணிட்டு, அந்த வரிசைகளை மொத்தமாகத் தீர்க்கும் முன்சீராக்கியை (சொல்வரின் வேலையை முன்கூட்டியே எளிதாக்கும் படியை) பயன்படுத்துங்கள். பருமனான மெஷ்களின் துணையோடு தீர்க்கும் பன்மெஷ் சொல்வர் என்றால் மெல்லிய திசையில் மட்டும் பருமனாக்கும்படி சொல்லுங்கள். ஒருங்கும் எல்லையை இன்னும் நூறு மடங்கு இறுக்கி விடை மாறுகிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் வேக வைத்தியம். மெஷ்ஷின் துல்லியத்தில் எந்தத் தப்பும் இல்லாமலேயே இந்த அறிகுறி வரலாம், அதனால்தான் முதல் சோதனையை முதலில் வைத்தேன்.

களிப்படையில் வெட்டுத் தகைப்பு கணுவுக்குக் கணு பல்லிளிக்கிறது

இரண்டு படைகள் தொடும் இடத்தில் வைக்கும் பூச்சியத் தடிப்பு இடைமுக எலிமெண்டுக்கு மிக அதிக விறைப்புக் கொடுத்து, அதற்குள் இருக்கும் கவுஸ் புள்ளிகளில் தொகையிட்டால் இப்படி வரும். தொகையீட்டைக் கணுக்களிலேயே கணக்கிடும் நியூட்டன்-கோட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது விறைப்பை இரண்டு மூன்று படி இறக்குங்கள். குட்மன் பாணி இடைமுகத்துக்குப் பதில் மெல்லிய திண்ம அடுக்கு வைப்பதானால், தடிப்பு நீளத்தில் நூறில் ஒரு பங்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்கட்டும் என்று 1984இல் தேசாய் குழு சொன்னது. 20 சென்ரிமீற்றர் களிக்கு 2 மீற்றரிலிருந்து 20 மீற்றர் வரை நீளம் போகலாம் என்று பொருள்.

குவாரி வெடி அதிர்வுக் கணிப்பில் அலை வழியிலேயே திரும்பி வருகிறது

சிறிய எலிமெண்டுக்கு அடுத்தே மிகப் பெரியது வைத்தால் அலை அந்த இடத்தைச் சுவராக நினைத்துத் திரும்பும். நிலையான சுமைக் கணக்கில் பொறுக்கக்கூடிய அளவுத் தாவல், அலைக் கணக்கில் பொறுக்காது. கூலேமெயர், லிஸ்மர் 1973இல் கொடுத்த விதி அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு. வெட்டு அலை வேகம் வினாடிக்கு 200 மீற்றர், அதிர்வு 25 ஹெர்ட்ஸ் என்றால் எலிமெண்ட் 1 மீற்றர், அதுவும் அலை போகும் எல்லாத் திசையிலும். சரிவின் வழி 10 மீற்றர் நீட்டிய மெஷ் இங்கே உதவாது. வெளிப்படை நேர முறை என்றால் 20 சென்ரிமீற்றர் களிப்படை ஒன்றே மொத்த மாதிரியின் நேரப்படியைத் தீர்மானித்துவிடும். நீர் நிரம்பிய மண்ணில் அமுக்க அலை வேகம் 1500 மீற்றர் என்று எடுத்தால் படி 0.00013 வினாடி. அந்தப் படையை இடைமுகமாக மாற்றுங்கள்.

முப்பரிமாணத்தில் நீள அகல விகிதம் எல்லாம் நன்றாக இருந்தும் ஓரிரு இடத்தில் விடை வெடிக்கிறது

ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் எடுத்து, ஒன்றை மட்டும் சற்றே தூக்கினால் வரும் நான்முகியை நினைத்துப் பாருங்கள். பக்கங்கள் எல்லாம் ஏறக்குறையச் சமம், முகங்கள் எல்லாம் நல்ல செங்கோண முக்கோணம், ஆனால் கனவளவு கிட்டத்தட்ட இல்லை. விளிம்பு நீளத்தை மட்டும் பார்க்கும் தரப் பட்டியலில் இது முதல் மதிப்பெண் வாங்கிவிடும். 1992இல் கிரிஷெக் நான்முகிக்குக் கொடுத்த நிபந்தனை முகங்களின் கோணங்களோடு, முகத்துக்கும் முகத்துக்கும் இடையிலான கோணங்களையும் கட்டுப்படுத்துகிறது. இந்தத் தட்டையன்களில் முகங்களுக்கிடைக் கோணம் 180ஐ நெருங்கி நிற்கும். மெஷ்ஷைப் படமாகக் காட்டும் மென்பொருளில் முகங்களுக்கிடைக் கோணத்தை நிறமாகப் போட்டு, 165 பாகைக்கு மேலுள்ளவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அவை களிப்படைக்கு மேலேயோ கீழேயோ, மெல்லிய அடுக்கிலிருந்து பருமனான மெஷ்ஷுக்கு மாறும் எல்லையில்தான் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய அடுக்குகளை ஆப்பு வடிவ எலிமெண்டுகளால் நிரப்பி, அதற்கு வெளியே மட்டும் நான்முகிகளை விட்டால் பெரும்பாலானவை காணாமல் போகும். மிச்சமிருப்பவற்றை மெஷ் மேம்படுத்தும் கட்டளையால் ஒவ்வொன்றாக நகர்த்தித்தான் ஆக வேண்டும்.